பதினாலு பாயிண்ட்

என்னைப் பார்த்தா சொந்த மருமகனுக்குத் துரோகம் பண்ற ஆள் மாதிரி இருக்குதுங்களா? முகத்தை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க. கோவக்காரனான்னு கேட்டா, ஆமா, கோவக்காரன்தான். பேரத்துல கறாரான்னு கேட்டா, ஆமா, கறார்தான். இந்த ஜன்னல் சீட்டுக்கே அந்தக் கண்டக்டர்கிட்ட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன்னு நீங்களே பார்த்தீங்க. ஆனா துரோகம்? அது நம்ம ரத்தத்துலயே கிடையாதுங்க.

நீங்க போன்ல கபடி பார்த்துட்டு வந்தீங்க. அதனாலதான் வாயைத் தொறந்தேன். இல்லைன்னா நான்பாட்டுக்குத் துண்டை மூஞ்சியில போட்டுத் தூங்கியிருப்பேன். அந்தியூர் போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் கிடக்குது. கேளுங்க. கேட்டுட்டு, யார் யாருக்குத் துரோகம் பண்ணினாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகு. பதினோரு வயசுல அப்பன் செத்துப்போனதும் அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கிட்டு சந்தை சந்தையா நடந்தவன். எனக்குப் பள்ளிக்கூடமே மாட்டுக் குளம்புதான். ஒரு காளையைப் பார்த்தா நான் கொம்பைப் பார்க்க மாட்டேன், திமிலைப் பார்க்க மாட்டேன். அதெல்லாம் வேடிக்கை பார்க்க வர்றவனுக்கு. நான் அது படுத்து எழுந்திரிக்கிறதைப் பார்ப்பேன். எழும்போது எந்தக் காலுக்கு ஒரு நொடி யோசிக்குதுன்னு பார்ப்பேன். அந்த ஒரு நொடியில மாட்டோட மொத்த ஜாதகமும் இருக்குதுங்க. தரகனாகி முப்பது வருசம். ஒரு மாட்டுல நான் ஏமாந்ததா எவனாவது சொல்லட்டும், இப்பவே மீசையை எடுத்துக்கறேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். விக்கிறவன் என்னை நம்பி, 'நாச்சிமுத்தண்ணா, இதுக்குப் பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும்'னு காதுல சொன்னா, அது என்னோட செத்துரும். முப்பது வருசத்துல ஒரு மாட்டுக் குறையை நான் வாய்விட்டு வெளிய சொன்னது கிடையாது. தொழில் தர்மம்.

இப்பக் கபடிக்கு வர்றேன்.

எங்க வெள்ளியங்காட்டுச் சந்தையில நாங்க எட்டுத் தரகர்கள். டிவியில இந்தப் பெரிய கபடிப் போட்டி வர ஆரம்பிச்சதுல இருந்து எங்களுக்குள்ள ஒரு ஆட்டம். வருசா வருசம் ஐப்பசி மாசம், போட்டி தொடங்கறதுக்கு முந்தின வியாழக்கிழமை, சந்தை கலைஞ்சதும் உட்காருவோம். இருபத்துநாலு ரைடருங்க பேரு. எங்க காலத்துல 'பாடிப் போறவன்'னு சொல்லுவோம், இப்ப எல்லாரும் ரைடர்னுதான் சொல்றாங்க. ஆளுக்கு மூணு பேரைப் பிடிச்சுக்கணும். போட்டி முடியற வரைக்கும் அந்த மூணு பேரும் எடுக்கிற பாயிண்டு நம்ம பாயிண்டு. தை மாசக் கடைசியில யாருக்கு அதிகமோ அவன் ஜெயிச்சான்.

யாரை யாரு பிடிக்கிறதுன்னா, அதையும் மாட்டு பேரம் மாதிரியேதான் பண்ணுவோம். உங்களுக்குத் தெரியுமில்ல, சந்தையில விலையை வாயால பேச மாட்டோம். ரெண்டு பேர் கையையும் துண்டால மூடி, உள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதே மாதிரி, நடுவுல ரசாக் பாய் உட்காருவார். பள்ளப்பட்டிக்காரர். முப்பது வருசமா எனக்கு இந்தக் கை மாதிரி. அவர் ஒவ்வொரு ரைடர் பேராச் சொல்லிட்டு, எட்டுப் பேர் கையையும் துண்டுக்குள்ள வரிசையாப் பிடிப்பார். நாம அவர் விரல்ல ஒண்ணைப் பிடிச்சா, 'எனக்கு இவன்தான் முதல் ஆளு'ன்னு அர்த்தம். ரெண்டு விரல்னா ரெண்டாவது. மூணுன்னா மூணாவது. உள்ளங்கையைச் சுரண்டினா, 'வேண்டாம்'. எவன் மேலான இடம் கொடுத்தானோ அவனுக்கு அந்த ரைடர். துண்டுக்குள்ள சொன்னது துண்டோட போகணும். ரசாக் பாய் இதுவரைக்கும் ஒரு ஆளோட விரலை இன்னொரு ஆளுக்குச் சொன்னதில்ல.

பந்தயமா? காசெல்லாம் இல்லீங்க. மரம். சந்தையில ஒரே ஒரு வாகை மரம் இருக்குது, கிழக்கு வாசல்ல. ஜெயிச்சவன் அந்த வருசம் பூரா அவன் மாடுகளை அந்த நிழல்ல கட்டிக்கலாம். சிரிக்காதீங்க. வெயில்ல நிக்கிற மாடு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும். நிழல்ல நிக்கிற மாடு ராஜா மாதிரி நிக்கும். உள்ள நுழையறவன் கண்ணு முதல்ல அங்கதான் போகும். மூணு வருசமா அந்த மரம் என்கிட்டத்தான் இருந்தது.

எப்படி இருந்ததுன்னு கேளுங்க. எம் மருமகனால.

நவநீதன். என் தங்கச்சி தெய்வானையோட பையன். அவங்கப்பன் சின்ன வயசுலயே லாரியில அடிபட்டுப் போயிட்டான். பையனுக்கு முட்டை நான் வாங்கிக் கொடுத்தேன், ஷூ நான் வாங்கிக் கொடுத்தேன், மாவட்டத்துக்கு ஆடப்போறப்ப கூட நான் போனேன். இப்ப டிவியில வர்றான். இருபத்துமூணு வயசு. 'கையைத் தொட்டா காத்து மாதிரி போயிடறான்'னு அந்த வர்ணனைக்காரர் சொல்லுவாரே, அந்தப் பையன்தான். பார்த்திருக்கீங்களா? பார்த்திருப்பீங்க. மூணு வருசமா ரசாக் பாய் 'நவநீதன்'னு சொன்னதும் நான் ஒரு விரலை இறுக்கிப் பிடிப்பேன். எதுக்கு இறுக்கணும்னு கேக்காதீங்க, இறுக்கணும்னு தோணும்.

போன ஆயுதபூஜைக்கு ஊருக்கு வந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம். நேரா என் கட்டுத்தறிக்குத்தான் வந்தான். தண்ணித் தொட்டி மேல உட்கார்ந்தான். அப்புறம் பேன்ட்டைச் சுருட்டி வலது முட்டியைக் காட்டினான்.

"மாமா, தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சூடா இருந்தது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்குதாம் மாமா. தனியா ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். டீமுக்குத் தெரியாது. அம்மாளுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்."

"ஆப்பரேசன் பண்ணிக்கோ கண்ணு."

"ஆறு மேட்ச் மாமா. ஆறே ஆறு. அது ஆடிட்டன்னா அடுத்த ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் டீமே வைத்தியம் பாத்துரும். இப்பச் சொன்னா, வேற ஆளைப் போட்டுட்டு வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

சொல்லிட்டு அழுதுட்டான். அவ்வளவு பெரிய உடம்பு, தொட்டி மேல உட்கார்ந்து தேம்புது. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சத்தியமாங்க.

நான் சும்மா இருந்தேனா? வித்தை சொல்லிக் கொடுத்தேன். நொண்டி மாட்டை எப்படி நடத்திக் காட்டறதுன்னு எனக்கில்லாத வித்தையா? "வலது பக்கமாத் திரும்பாதே. இடது பக்கமாவே பாடிப் போ. எவனாவது பிடிச்சுச் சாய்ச்சா உடனே எழுந்திரிக்காதே. படுத்தவாக்குல தலைமுடியைச் சரி பண்ணு, சிரி, ஜனத்தைப் பார்த்துக் கையாட்டு. அப்புறம் மெதுவா எழுந்திரு. பாக்கறவன் திமிருன்னு நினைப்பான், நொண்டின்னு நினைக்க மாட்டான்"னேன். கண்ணைத் துடைச்சுட்டுச் சிரிச்சான். "நீங்க ஒரு ஆளு மாமா"ன்னான். என் கையைப் பிடிச்சு நெத்தியில வெச்சுக்கிட்டான்.

அது ஞாயிறு. வியாழக்கிழமை துண்டு.

இப்ப நீங்க நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஒரு மாடு நொண்டுதுன்னு எனக்குத் தெரியும். விக்கிறவனா இருந்தா மூடி வெச்சு விப்பேன், வித்தை சொல்லிக் கொடுப்பேன். அது ஒரு பக்கம். ஆனா நான் இப்ப வாங்கறவனா உட்கார்ந்திருக்கேன். வாங்கறவன் நொண்டின்னு தெரிஞ்சும் வாங்குவானா? சொல்லுங்க. இது பாசத்துல சேர்ந்ததில்ல, கணிப்புல சேர்ந்தது. ஆறு மேட்சுக்கு மேல அந்த முட்டி தாங்காது. மொத்தம் இருபத்திரண்டு மேட்ச். மரம் போயிடும்.

எல்லாப் பேரையும் ராத்திரியெல்லாம் மனசுலயே எடை போட்டு வெச்சிருந்தேன். அரியானாக்காரன் தேவேந்தர், தொடை ரெண்டும் தேக்குமரம், கோவம் வராத பையன், முதல் விரல். மராட்டியப் பையன் ஒருத்தன் நல்லாத் துள்ளுவான், ஆனா மூச்சுப் போதாது, மூணாவது. இன்னொருத்தன் முதல் பாதியில சிங்கம், இடைவேளைக்குத் தண்ணி குடிச்சுட்டு வந்தா செம்மறியாடு, அவனை நான் தொடவே மாட்டேன். இப்படி.

பாய் 'நவநீதன்'னார். என் கை துண்டுக்குள்ள போச்சு. பாய் அவராவே ஒரு விரலை நீட்டிக் காத்துட்டு இருந்தார். பழக்கம் பாருங்க. நான் உள்ளங்கையைச் சுரண்டினேன். பாய் என் மூஞ்சியைப் பார்த்தார். திரும்பவும் விரலை நீட்டினார். நான் திரும்பவும் சுரண்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல. இருமக்கூட இல்ல.

"நவநீதன், சென்னியப்பனுக்கு"ன்னார் பாய்.

மத்த ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தானுங்க. எதுக்குப் பார்த்தானுங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் வாயே தொறக்கலையே! சென்னியப்பன், அவன் எங்க சந்தையில எனக்கு நேர் எதிர்க் கட்டுத்தறிக்காரன், வாய்க்கு வக்கணையான ஆளு, அவன் மட்டும் வெத்தலையை ஓரமாத் துப்பிட்டு, "ஏனுங் நாச்சிமுத்தண்ணா, மருமவன்கூட ஏதாச்சும் மனஸ்தாபமா?"ன்னான். "உன் வேலையைப் பார்றா"ன்னுட்டேன்.

சரி. போட்டி ஆரம்பிச்சுது. முதல் மேட்ச் புதன்கிழமை. எங்க வூட்டுல எல்லாரும் டிவி முன்னால. எம் பொண்டாட்டி விளக்குக்கூட ஏத்தி வெச்சிருந்தா. எத்தனை பாயிண்ட் எடுத்தான்னு நினைக்கறீங்க?

பதினாலு.

பதினாலு பாயிண்டுங்க! இடது பக்கமாவே பாடிப் போறான். தொடறான், வர்றான். பிடிச்சுச் சாய்க்கறாங்க, படுத்தவாக்குல தலைமுடியைச் சரி பண்றான், சிரிக்கறான், ஜனத்தைப் பார்த்துக் கையாட்டறான். நான் சொல்லிக் கொடுத்த ஒண்ணொண்ணையும் செய்யறான். எம் பொண்டாட்டி கையைத் தட்டறா. எனக்கு வயிறு எரியுது. 'முட்டி போச்சு மாமா'ன்னு என் கட்டுத்தறியில உட்கார்ந்து அழுதவன், சென்னியப்பனுக்குப் பதினாலு பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறான்! என் தேவேந்தரு அன்னைக்கு மூணு. வெறும் மூணு.

நீங்களே சொல்லுங்க, இது என்ன? என்னை நம்ப வெச்சு ஏமாத்தினதா இல்லையா? முதல் துரோகம் அவன் பண்ணினது. அதை யாரும் பேச மாட்டாங்க.

மறுநாள் வியாழக்கிழமை, சந்தை. டீக்கடையில நுழையறேன், சென்னியப்பன் எழுந்து நின்னு கும்பிடறான். "வாங்க, வாங்க. சொந்தக் கட்டுத்தறி மாட்டையே எடை போடத் தெரியாதவரு வர்றாரு, எடம் வுடுங்கப்பா!" எல்லாரும் சிரிக்கறானுங்க. நான் பொறுத்துக்கிட்டேன். டீயைக் கையில வாங்கினேன். "கண்ணு மங்கிருச்சாட்ட இருக்குது. கோயமுத்தூர் போயி ஒரு கண்ணாடி போடுங்ணா. வாகை மரத்தடியில நான் நெழல்ல ஒக்காந்து, நீங்க தடவித் தடவிப் போறதப் பார்க்கோணும்."

கண்ணு மங்கிருச்சாம். முப்பது வருசம். பதினோரு வயசுல இருந்து வெறுங்கால்ல நடந்து சம்பாதிச்ச கண்ணு. என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதானுங்க.

நான் பொதுவா ரெண்டு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்.

என்ன பொதுவாவா... சரி, எப்படியும் நீங்க போன்ல பார்த்திருப்பீங்க. பார்க்கலைன்னாலும் தேடிப் பார்ப்பீங்க. நானே சொல்லிடறேன். "டேய் சென்னியப்பா, எங் கண்ணு மங்கலடா! அவனுக்கு வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சு கெடக்குது. அவன் வாயாலயே எங்கிட்டச் சொல்லி அழுதான். ஆறு மேட்ச் தாங்குமான்னு பார்ரா!" இதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். டீ கிளாஸ் கீழ விழுந்து உடைஞ்சது.

சென்னியப்பனோட மாப்பிள்ளை ஒருத்தன் இருக்கான், வாராவாரம் சந்தைக்கு வந்து மாடுகளைப் போன்ல படம் எடுத்துப் போடுவான். பல்லு எத்தனை, விலை என்னன்னு. அன்னைக்கு டீக்கடைக்கு முன்னால ஒரு மயிலைக் காளையைப் படம் பிடிச்சுட்டு இருந்திருக்கான். காளை நிக்குது, என் குரல் கேக்குது. அவ்வளவுதான் அந்தப் படம். அதை எவனோ வெட்டி, நவநீதன் போட்டோவைப் போட்டு... சாயங்காலத்துக்குள்ள லட்சம் பேர் பார்த்துட்டானாம். திட்டம் போட்டுப் பண்ணியிருக்கானுங்க. மாமனாரு சீண்டறாரு, மாப்பிள்ளை படம் எடுக்கறான். இதைத் துரோகம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

ரெண்டாவது மேட்சுல பையன் ஒன்பது எடுத்தான். ஒண்ணும் ஆகல. 'பார்த்தியா, நீ கத்தினதால ஒண்ணும் ஆகல'ன்னு எம் பொண்டாட்டியே சொன்னா. மூணாவது மேட்ச். வடக்கத்தி டீம். அந்தப் பக்கம் ஓரத்துல ஒரு பிடிகாரன், தடியன். நவநீதன் பாடிப் போறான். தடியன் வலது காலுக்குப் பாயறான். தப்பிச்சுட்டான். ரெண்டாவது தடவையும் வலது காலுக்கு. தப்பிச்சுட்டான். மூணாவது தடவை பிடி விழுந்தது. முட்டியோட சேர்த்துக் கட்டிப் பிடிச்சுப் பின்னால முறுக்கிட்டான். நாலு பேர் மேல விழுந்தாங்க.

எல்லாரும் எழுந்தாங்க. அவன் எழல. தலைமுடியைச் சரி பண்ணல. சிரிக்கல.

அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் தடியன் காலைக் குறி வெச்சான்னு ஊரெல்லாம் பேச்சு. நான் ஒண்ணு கேக்கறேன். கபடியில காலைப் பிடிக்காம வேற எதைப் பிடிப்பாங்க? கழுத்தையா பிடிப்பாங்க? சொல்லுங்க. ... ம். நீங்களும் ஜன்னலைப் பார்க்கறீங்க. சரி, பாருங்க.

டீம்காரங்க, 'அடிபட்டதை மறைச்சு ஆடியிருக்கே'ன்னு ஒரு லெட்டர் கொடுத்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. கையெழுத்தும் இல்ல, வைத்தியமும் இல்ல.

அதுக்கு அடுத்த வியாழக்கிழமை நான் சந்தைக்குப் போனேன். போகாம? ரெண்டு எருது பிடிச்சு வெச்சிருந்தேன், வெள்ளகோயில் பார்ட்டி ரசாக் பாய் மூலமா வாங்க வந்திருந்தாங்க. எப்பவும் போல நான் துண்டை விரிச்சுக் கையை நீட்டினேன். பாய் கையைக் கொடுக்கல. என் துண்டை எடுத்தார். நாலா மடிச்சார். என் தோள்லயே திருப்பிப் போட்டார்.

"வாயால சொல்லு நாச்சி."

"என்ன பாய், வெளையாடறீங்களா? சுத்தி இத்தனை பேர் நிக்கறாங்க."

"இருக்கட்டும். எத்தனையோ பேரோட நொண்டி மாட்டையெல்லாம் உன் வயித்துக்குள்ள வெச்சிருக்கே. அந்தப் புள்ளை ஒரு முட்டியக் கொண்டாந்து குடுத்தான். அதுக்கு உள்ள எடம் பத்தல உனக்கு. இனிமே உன்கிட்ட எதுக்குத் துண்டு? சொல்லு, என்ன வெலை?"

முப்பது வருசப் பழக்கம். என் பொண்ணு கல்யாணத்துல முன்னால நின்னு பந்தி விசாரிச்சவர். ஒரு சின்னப் பையன் விஷயத்துக்காக, அத்தனை பேருக்கு முன்னால என்னை வாயால விலை சொல்ல வெச்சார். இதுக்குப் பேர் என்னங்க? நான் கோவத்துல, "நீரெல்லாம் ஒரு மனுசனா"ன்னு என்னென்னவோ பேசிட்டேன். அவர் கேட்டுட்டு நின்னார். அப்புறம் வெள்ளகோயில் பார்ட்டியைக் கூட்டிட்டுப் போய், வேற ஆள்கிட்ட எருது காட்டினார். அன்னையில இருந்து ஒருத்தனும் என் துண்டுக்குள்ள கை விடறதில்ல. பார்த்தா 'வாங்கண்ணா'ங்கறானுங்க, டீ சொல்றானுங்க, ஆனா கை நீட்டினா கையைக் கட்டிக்கறானுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மரம் எனக்குத்தான் கிடைச்சது. ஆமாங்க! தேவேந்தரு கடைசிப் பத்து மேட்சுல பின்னி எடுத்துட்டான். நவநீதன் போனதுல சென்னியப்பன் கணக்கு அங்கயே படுத்துருச்சு. என் கணிப்பு தப்பல பாருங்க, ஆறு மேட்சுன்னேன், மூணுலயே போச்சு. கண்ணு மங்கலைன்னு நிரூபிச்சாச்சு. ஒருத்தன் வாயைத் தொறந்து அதைச் சொல்லணுமே? மாடுகளை வாகை மரத்து நிழல்ல கட்டிட்டு, நானும் பக்கத்துல கல்லு மேல உட்கார்ந்திருப்பேன். நல்ல காத்து வரும். வாசல்ல நுழையறவன் மாட்டைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், உள்ள போயிருவான். அதான், காத்து மாத்திப் பார்க்கலாம்னு இன்னைக்கு அந்தியூருக்குக் கிளம்பினேன். அங்க நம்மளை யாருக்கும் தெரியாது.

பையனைப் போய்ப் பார்த்தனான்னு கேக்க மாட்டீங்கறீங்களே? போனேன். ஆப்பரேசனுக்கு முன்னால, நாட்டுக்கோழி முட்டை மூணு டஜன் எடுத்துட்டுப் போனேன். தெய்வானை கதவைத் தொறந்தா, 'வா'ன்னு சொல்லல. அவன் கட்டில்ல படுத்திருந்தான். வாங்க மாமான்னான். மரியாதை கெட்ட பையன் இல்லைங்க, அதைச் சொல்லணும். நான் என்னத்தையோ பேசினேன். சென்னியப்பனைத் திட்டினேன், அவன் மாப்பிள்ளையைத் திட்டினேன், வடக்கத்தியானைத் திட்டினேன், பாயைத் திட்டினேன். எல்லாத்தையும் கேட்டான்.

அப்புறம் கேட்டான், "மாமா, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா?"

"கேளு கண்ணு."

"மொத மேட்ச்சுல நான் பதினாலு எடுத்தப்ப, நீங்க சந்தோசப்பட்டீங்களா?"

என்ன கேள்வி பாருங்க. மத்ததுக்கெல்லாம் பதில் வெச்சிருந்தேன். மாட்டு விஷயத்துல நான் ஆயிரம் பொய் சொல்லுவேன், வூட்டுல சொல்லத் தெரியாது. "அன்னைக்கு நீ என் கணக்குல இல்லையே கண்ணு"ன்னேன்.

நியாயமான பதில்தானே? அவன் தலையை ஆட்டினான். 'சரி மாமா'ன்னான். செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டான். தெய்வானை முட்டையை என் கையிலயே திருப்பிக் கொடுத்தா. "அண்ணா, நீ இனிமே வராதே. அவன் போனுக்கும் பண்ணாதே"ன்னா. எங்கம்மா போனதுக்கப்புறம் இவளுக்கு அம்மாளும் நான்தான், அப்பனும் நான்தான். வராதேங்கறா.

போன் பண்ணினேன். பண்ணாம இருக்க முடியுமா? போகவே மாட்டேங்குது. எம் பொண்ணு பார்த்துட்டு, 'ப்ளாக் பண்ணி வெச்சிருக்காரு'ன்னா. காசு புரட்டி இப்பத்தான் ஆப்பரேசன் பண்ணினாங்க, முடிஞ்சு பதினோரு நாளாச்சு. கால் எப்படி இருக்குதுன்னு அவங்க பக்கத்து வூட்டுக்காரம்மா மூலமாத்தான் தெரிஞ்சுக்கறேன். நேத்து வரைக்கும் தெய்வானை தோளைப் பிடிக்காம ஒரு அடி எடுத்து வைக்கலையாம்.

ஏனுங்க... உங்க போன்ல சார்ஜ் இருக்குதுங்களா?

ஒரே ஒரு போன். நம்பர் எனக்கு மனப்பாடம். நான் பேச மாட்டேன், நீங்க பேசுங்க. என் பேரை எடுக்காதீங்க. ரசிகன்னு சொல்லுங்க. கபடி பார்க்கறவன், கால் எப்படி இருக்குதுன்னு கேக்கறேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அதுல என்ன தப்பு இருக்குது? நீங்க ரசிகன்தானே? பொய்யும் இல்லையே.

போடுங்க. தொண்ணூத்தி நாலு... ஆமா... கடைசி ரெண்டும் ஏழு.

மணி அடிக்குதா? அவன் எடுக்க லேட்டாகும், எட்டி எடுக்கணுமில்ல. ஜன்னல் கண்ணாடியைச் சாத்திடறேன், காத்துச் சத்தம் போகும்.

எடுத்துட்டானா? கேளுங்க. கேளுங்க. கால்... கால் எப்படின்னு...

என்ன சொல்றான்? குரல் எப்படி இருக்குது? என்ன கேக்கறான்? ... எந்த ஊர்ல இருந்துன்னா? ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுங்க. ... பஸ்ஸுல போறீங்களான்னு கேக்கறானா? ... யாரு பக்கத்துல இருக்காங்கன்னு கேக்கறானா?

யாரும் இல்லைன்னு சொல்லுங்க. தனியாப் போறேன்னு சொல்லுங்க.

... வெச்சுட்டானா? என்னங்க சொன்னான் கடைசியா? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை குறைக்காமச் சொல்லுங்க.

'கேக்கச் சொன்னவருகிட்டச் சொல்லிருங்க, காலு ரொம்ப நல்லா இருக்குது, நேத்து மைதானத்துல நாலு ரவுண்டு ஓடினேன்'னா?

நாலு ரவுண்டா?

சிரிச்சுட்டே சொன்னானா?

... இல்லீங்க, ஒண்ணும் இல்ல. நீங்க போனைப் பையில வெச்சுக்கங்க. நல்லது. ரொம்ப நல்லது.

அது நொண்டி மாட்டை விக்க நிக்கிறவன், வாங்க வந்த வெளியாள்கிட்டச் சொல்ற பதிலுங்க.